காத்திருந்த நேரம் யார் கணக்கில்?

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இரண்டு புலம்பல் கட்டாயம் வரும். ஒன்று சாலை நெரிசல். இன்னொன்று ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தூரத்துக் கணினியின் திரையை இங்கிருந்தே இயக்கும் மென்பொருள். "சிட்ரிக்ஸ் ஹேங் ஆயிடுச்சு", "ஆர்.டி.பி. வெளிய தள்ளிடுச்சு", "திரும்பவும் ஓ.டி.பி. கேக்குது" என்பதெல்லாம் இங்கே அன்றாடப் பேச்சு. நெரிசலுக்காவது ஓர் அளவு இருக்கிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 நொடி ஆகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்கலாம், மெட்ரோ எப்போது வரும் என்று சண்டை போடலாம், தலையங்கம் எழுதலாம். ரிமோட் டெஸ்க்டாப் முன்னால் கரைகிற நேரத்துக்கு அப்படி எண் சொல்பவர் யாரும் இல்லை. அது ஊழியரின் சொந்த எரிச்சலாகவே நின்றுவிடுகிறது.

இந்த எரிச்சல் விசாரிக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் இரண்டு கட்சிகள் உண்டு. வேலை செய்கிறவர்கள் மென்பொருளைத் திட்டுகிறார்கள்: மெதுவாக இருக்கிறது, அறுந்து போகிறது, ஒரு வரியைக் காப்பி பண்ணக்கூட விடுவதில்லை, இதனால்தான் தலைவலி. மேலாளர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள்: கருவி எல்லோருக்கும் ஒன்றுதான், சிலர் சமாளிக்கிறார்கள், சிலர் சாக்குச் சொல்கிறார்கள், வேலை அழுத்தம் என்பது தனிக் கதை. நானும் சில காலம் இப்படித் தூரத்துக் கணினிகளின் பழுதைச் சரிசெய்யும் சப்போர்ட் வேலையில் இருந்தவன். எனக்கு இரண்டு கட்சியின் வாதமும் போதவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தூரத்தில் இருக்கும் கணினியில் வேலை செய்வது பெங்களூருக்குப் புதிதில்லை. இந்த ஊரின் மென்பொருள் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மில்லர்ஸ் சாலையில் சோனா டவர்ஸ் கட்டடத்தில் அலுவலகம் தொடங்கியபின், அமெரிக்காவோடு பேசியது 64 கிலோபிட் வேகச் செயற்கைக்கோள் இணைப்பில். அதன்பின் பத்தாண்டுகளில் சிட்ரிக்ஸ் வந்தது. 1998-இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு ஆர்.டி.பி.யைக் கொண்டுவந்தது. திரை இங்கே, கணினி அங்கே. விசை தட்டியது அங்கே போகும், படம் இங்கே வரும். இந்த ஓர் ஏற்பாட்டின் மேல் ஒரு நகரத்தின் பிழைப்பு நிற்கிறது என்றால் அது மிகையில்லை. நாஸ்காம், ஜின்னோவ் அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி, இந்தியாவில் பன்னாட்டு நிறுவனங்கள் தமக்கென நடத்தும் ஜி.சி.சி. மையங்கள் 1,700-க்கு மேல். அவற்றில் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட மையங்கள் அதிகம் உள்ள இந்திய நகரம் பெங்களூர்.

ஒரு சப்போர்ட் ஆளின் இரவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இந்தப் புகாரின் கனம் தெரியாது.

மணி இரண்டு. ஆன்-கால் போன் அடிக்கிறது. அமெரிக்காவில் க்ளையன்ட்டின் ஆர்டர் சிஸ்டம் நின்றுவிட்டது, பி1 டிக்கெட், அதாவது மிக அவசரம். பதினைந்து நிமிடத்துக்குள் கைவைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மடிக்கணினியைத் திறந்தால் முதலில் டிஸ்க் பாஸ்வேர்டு, பிறகு விண்டோஸ் பாஸ்வேர்டு, பிறகு வி.பி.என்., அதற்கு ஓர் ஓ.டி.பி. அப்புறம் க்ளையன்ட்டின் சிட்ரிக்ஸ் பக்கம், அதற்குத் தனி ஓ.டி.பி. உள்ளே போனால் டெஸ்க்டாப் தயாராகிறது என்று வட்டம் சுற்றுகிறது. அந்த டெஸ்க்டாப்புக்குள்ளிருந்து, மற்ற சர்வர்களுக்கு வாசலாக இருக்கும் ஜம்ப் சர்வர். அங்கே நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டைப் பெட்டகத்திலிருந்து எடுக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த நீண்ட சரம். காப்பி-பேஸ்ட் தடை செய்யப்பட்டிருப்பதால் கண்ணால் பார்த்துக் கையால் அடிக்க வேண்டும். பெரிய ஐ-யா, சின்ன எல்-ஆ, ஒன்றா என்று அந்த எழுத்துருவில் தெரியாது. மூன்று முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் அதற்கு வேறு டிக்கெட்.

எல்லாம் தாண்டிக் கடைசி சர்வருக்குப் போனால், அனுமதிக்கப்பட்ட இணைப்புகள் முடிந்துவிட்டன என்று ஒரு பெட்டி. விண்டோஸ் சர்வரில் தனி உரிமம் வாங்காவிட்டால் நிர்வாகத்துக்காக ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் உள்ளே இருக்க முடியும். ஒருவர் பகல் ஷிஃப்ட் நண்பர். லாக்-ஆஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். இன்னொருவர் அமெரிக்காவில் இருக்கும் அட்மின். யாரை வெளியேற்றுவது? நண்பரின் செஷனில் ஏதாவது ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து செத்துவிடும். அவருக்கு போன் போட்டால் தூங்குகிறார். இதற்கு நடுவே காதில் பிரிட்ஜ் கால். அந்தப் பக்கம் இருப்பவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் "ஏதாவது அப்டேட் உண்டா?" என்று கேட்கிறார்கள். சர்வரின் கடிகாரம் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் ஓடுகிறது. லாகில் இருக்கும் நேரத்தை மனத்தில் மாற்றிக்கொண்டே படிக்க வேண்டும். ஒரு பக்கம் மடிக்கணினியில் ரன்புக்கைப் படித்துக்கொண்டிருந்தால், மறுபக்கம் ரிமோட் செஷன் 'ஆளில்லை' என்று பூட்டிக்கொள்கிறது. திரையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஸ்டார்ட் பட்டன்கள். தூக்கக் கலக்கத்தில் தன் கணினியை மூடுவதாக நினைத்து சர்வரை மூடிவிடுவோமோ என்ற பயம், இந்த வேலை பார்த்த எவருக்கும் இருந்திருக்கும்.

பழுதைச் சரிசெய்ய இரண்டே கட்டளை போதுமாக இருக்கலாம். அதுவரை வந்த பாதை முழுவதும் டிக்கெட்டில் ஒரே வரியாக நிற்கும்: பொறியாளர் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது மென்பொருள் மீதான முதல் குற்றச்சாட்டு, அதாவது வேகம். இதில் ஒரு பங்குக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பெங்களூரிலிருந்து நியூயார்க் வான்வழியில் 13,000 கிலோமீட்டருக்கு மேல். தட்டிய எழுத்து அங்கே போய், திரையில் ஏறி, அந்த மாற்றம் படமாக இங்கே திரும்ப வேண்டும். கேபிளை நூல் பிடித்தாற்போல் நேராகப் போட்டாலும் போக வர 130 மில்லிநொடிக்குக் குறையாது. உண்மையில் அது சென்னையிலோ மும்பையிலோ கடலில் இறங்கிச் சுற்றிப் போகிறது. ஆகவே 200 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடல் கேபிள்கள் அறுந்தபோது, மைக்ரோசாஃப்டே தன் அஷ்யூர் வாடிக்கையாளர்களிடம் தாமதம் கூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டிவந்தது. எந்த நிரலாளரும் எழுதித் தீர்க்கக்கூடிய விஷயம் இல்லை இது.

தாமதம் வேலையை என்ன செய்கிறது என்பதற்குப் பழைய, நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. 1982-இல் ஐ.பி.எம்.மின் வால்டர் டொஹர்ட்டியும் அர்விந்த் தடானியும் வெளியிட்ட ஆய்வறிக்கை. கணினி பதில் சொல்ல 3 நொடி எடுத்தபோது ஒருவர் மணிக்குச் சுமார் 180 செயல்களை முடித்தார். பதில் 0.3 நொடியில் வந்தபோது அதே மணியில் 371. இதில் கவனிக்க வேண்டியது, கணினி மிச்சப்படுத்திய நேரத்தால் மட்டும் இந்த ஏற்றம் வரவில்லை என்பது. மனிதர் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்து குறைந்தது. அடுத்தடுத்த படிகளை மனம் கோத்து வைத்திருக்கிறது. திரை பதில் சொல்லாமல் நின்றால் அந்தக் கோவை அறுந்து, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. மூன்று நொடி காத்திருந்தவருக்கு மூன்று நொடி மட்டும் நஷ்டம் என்று கணக்குப் போடும் மேலாளர் இந்த இடத்தில் தவறுகிறார்.

ஆனால் இந்த எண்ணே ஊழியர் கட்சியின் வாதத்தையும் திருத்துகிறது. தொலைவினால் மட்டும் வரும் தாமதம் 0.2 நொடி சொச்சம். டொஹர்ட்டியும் தடானியும் நல்ல வேகம் என்று எடுத்துக்கொண்ட 0.3 நொடிக்குள் அது அடங்கிவிடுகிறது. அப்படியானால் நம் ஆட்கள் பட்டுக்கொண்டிருக்கும் இரண்டு நொடியும் மூன்று நொடியும் எங்கிருந்து வருகின்றன?

அவை ஏற்பாட்டிலிருந்து வருகின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று செஷன் வைத்தால், உள்ளே இருக்கும் படத்தை வெளியே இருப்பது மறுபடியும் படம் பிடித்துச் சுருக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு தட்டும் எல்லா அடுக்கையும் கடந்து போய்வர வேண்டும். 2012-இலேயே ஆர்.டி.பி. 8.0, தரம் குறைந்த இணைப்பிலும் தாக்குப்பிடிக்க யு.டி.பி. வழியைக் கொண்டுவந்துவிட்டது. பல அலுவலக வி.பி.என்.களும் ஃபயர்வால்களும் அதை அடைத்து வைத்திருப்பதால் பழைய டி.சி.பி. வழியிலேயே எல்லாம் போகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் அதற்காக நிற்கும். ஒரு விர்ச்சுவல் சர்வரில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை யாரோ செலவுக் கணக்கில் தீர்மானிக்கிறார்கள். காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, ப்ரொஃபைலும் ஆன்டிவைரஸும் லாகான் ஸ்கிரிப்டும் சேர்ந்து டெஸ்க்டாப்பை நிமிடக் கணக்கில் நிறுத்தி வைக்கின்றன. கூடுதல் உரிமத்துக்குக் காசு கொடுத்தால் 'இரண்டு பேர்தான்' என்ற தடை சர்வரில் இருக்காது. மென்பொருளால் முடியாதது என்று இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரு பட்ஜெட் கூட்டத்தில் எடுத்த முடிவுகள்.

இன்னும் ஒரு படி போகலாம். இந்த வேலைகளில் பாதிக்கு முழுத் திரையைக் கடல் கடந்து இழுத்து வரவே தேவையில்லை. லினக்ஸ் உலகம் எஸ்.எஸ்.எச். வழியாகக் கட்டளையை மட்டும் அனுப்பி வெகுகாலமாக வேலை பார்க்கிறது. விண்டோஸிலும் 2009 முதல் பவர்ஷெல் ரிமோட்டிங் இருக்கிறது. ஒரு சர்வீஸை நிறுத்தி எழுப்ப ஒரு வரி போதும். அதற்கு சர்வரின் டெஸ்க்டாப்பைத் திறந்து, சர்வீசஸ் ஜன்னல் படம் படமாக வந்து சேரும்வரை காத்திருந்து, பட்டியலை உருட்டி, வலது க்ளிக் செய்வது வீண். ஆனால் 'ஜம்ப் சர்வரில் திரை வழியாக மட்டும்' என்று நடைமுறை எழுதிவைத்துவிட்டால், கட்டளை தெரிந்தவரும் மவுஸைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். கருவி மோசம் என்ற புகாரில் பெரும்பகுதி, வேலைக்குப் பொருந்தாத கருவியைக் கட்டாயப்படுத்தினார்கள் என்ற புகாராக மாற வேண்டும்.

பாதுகாப்பு என்ற பதிலை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஆர்.டி.பி. திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று 2019 மே மாதம் தெரிந்தது. ப்ளூகீப் என்று பெயர் பெற்ற ஓட்டை வெளிப்பட்டபோது, ஆதரவை நிறுத்திப் பல வருடமாகிவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலி வழியாகப் பிறர் போனுக்குள் புகுந்து பணம் எடுக்கும் மோசடி பற்றி எச்சரித்தது. வங்கி அட்டைத் தகவலைக் கையாளும் கணினிகளில் 15 நிமிடம் அசைவில்லாவிட்டால் மறுபடி அடையாளம் கேட்க வேண்டும் என்பது பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதி. மற்றவரின் பணமும் மருத்துவப் பதிவும் அந்தப் பக்கம் இருக்கின்றன. இவற்றைக் காக்க நமக்குக் கொஞ்சம் சிரமம் என்றால் அதை ஏற்கத்தான் வேண்டும். அந்தச் சிரமம் அர்த்தமுள்ளது.

நான் ஏற்காதது, பாதுகாப்பின் பெயரில் வைத்த தடை பாதுகாப்பையே குலைக்கும் இடம். காப்பி-பேஸ்ட்டை இரு பக்கமும் அடைத்துவிட்டு, எர்ரர் செய்தியை வெளியே கொண்டுவர முறையான வழி எதுவும் தராவிட்டால் என்ன நடக்கிறது? ஆள் தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் குழுவுக்கு அனுப்புகிறார். சர்வர் பெயர், ஐ.பி. முகவரி, சில நேரம் வாடிக்கையாளர் எண் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். பாஸ்வேர்டைக் கையால் அடிக்க வேண்டியிருப்பதால் நோட்டில் எழுதி வைப்பவர்களும் உண்டு. விதி எழுதியவருக்கு இது தெரியும். தணிக்கையாளரிடம் காட்டத் தடை இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார். மாட்டினால் தண்டனை ஊழியருக்கு. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுதட்டில் வைக்க வேண்டியதையும் முழுதாக வைக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த நகரத்தைத் தாங்கிப் பிடித்தது இதே மென்பொருள்தான். அதுவரை பி.பி.ஓ. ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொலைத்தொடர்புத் துறையின் கடுமையான நிபந்தனைகள் குறுக்கே நின்றன. மார்ச் 13-இல் அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பர் 5-இல் வந்த புதிய வழிகாட்டுதல் பெரும்பகுதியை நீக்கியே விட்டது. மேசைக் கணினிகள் வேனில் ஏறி வீடுகளுக்குப் போயின. வாரக் கணக்கில் ஒரு தொழிலே இடம் மாறியது, சம்பளம் நிற்கவில்லை. கைக்குழந்தையை வைத்திருந்த பெண்கள், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் தருமபுரிக்கோ திருப்பத்தூருக்கோ திரும்பியவர்கள், 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் வேலையைக் காத்துக்கொடுத்தது இந்தத் திரை. ரிமோட் டெஸ்க்டாப்பை ஒழித்துவிட்டால் நிம்மதி என்று பேசுபவர்கள், வெளிவட்டச் சாலை நெரிசலுக்குத் திரும்பிப் போவதைத்தான் கேட்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மேலாளர் கட்சி. வேலை அழுத்தத்துக்கும் கருவிக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து இங்கே உதவுகிறது. வேலையின் கனம் மட்டும் மனிதரை ஒடிப்பதில்லை. கனமான வேலையைச் செய்கையில் எப்படி, எப்போது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் மன நெருக்கடி உச்சத்துக்குப் போகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரே அலுவலகத்தில் ஒரு மூத்த ஆர்க்கிடெக்டும் முதல் நிலையான எல்1 சப்போர்ட் பையனும் ஒரே சிட்ரிக்ஸைத்தான் திறக்கிறார்கள். ஆர்க்கிடெக்டுக்குத் திரை நின்றால் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம், தனக்கென்று வேகமான மெஷின் கேட்டு வாங்கலாம். எல்1 பையனுக்கு டிக்கெட்டின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் கூட்ட அவனால் ஆவது எதுவும் இல்லை. தாமதத்துக்கான பதிலை மட்டும் அவன் சொல்ல வேண்டும். மென்பொருள் ஒன்றாக இருந்தும் படும் பாடு வேறு. 'சிலர் சமாளிக்கிறார்கள்' என்று மேலாளர் காட்டும் ஆதாரம் அவருக்கே எதிராகத் திரும்புவது இங்கேதான்: சமாளிப்பவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

இதோடு நேரக் கணக்கையும் சேர்க்க வேண்டும். கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-இல் வந்தது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10-ஐத் தாண்டக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் 50 மணிதான். 2024 ஜூலையில், ஐ.டி. துறையில் ஒரு நாளில் 12 மணிக்கு மேலும் வேலை வாங்க வழிசெய்து, மூன்று மாத வரம்பை 125 மணியாக்கும் யோசனை வந்தது. கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. கடுமையாக எதிர்த்தது. நிறுவனங்கள்தான் இதற்கு நெருக்குகின்றன என்று தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாட் சொன்னார். 2025-இல் மறுபடியும் நாளுக்கு 10 மணி, ஓவர்டைம் சேர்த்து 12, மூன்று மாதத்துக்கு 144 என்று இன்னொரு யோசனை. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.எல்.ஓ.வும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வை இந்த யோசனை எழுதியவர்கள் படித்திருக்க வேண்டும்.

ஆனால் சட்டத்தில் எந்த எண்ணை எழுதினாலும், ஆன்-கால் ஆளின் மணிநேரம் அதற்குள் வருவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு சேலம் பஸ்ஸில் ஏறுகிறார். அத்திப்பள்ளி தாண்டும்போது போன். மடியில் மடிக்கணினியைத் திறந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, எல்லா அடுக்கையும் தாண்டி உள்ளே போகிறார். தொப்பூர் கணவாயில் சிக்னல் போனதும் செஷன் அறுகிறது. சிக்னல் வந்ததும் மறுபடி முதல் ஓ.டி.பி.யிலிருந்து. டைம்ஷீட்டில் எழுத அவருக்குக் கிடைப்பது டிக்கெட்டை மூடிய அரை மணி. பேருந்தில் கரைந்த மீதி நேரம் பயணமாகவும் பதிவாகவில்லை, வேலையாகவும் பதிவாகவில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் இருக்கிறது. இந்த நேரம் யாருக்கும் தெரியாமல் போகவில்லை. சிட்ரிக்ஸ் டைரக்டர் என்ற நிர்வாகப் பலகையைத் திறந்தால், ஒவ்வொருவரும் உள்ளே நுழைய எத்தனை நொடி ஆயிற்று என்று இருக்கும். அதிலும் அடையாளம் சரிபார்க்க எவ்வளவு, ப்ரொஃபைல் ஏற எவ்வளவு, ஸ்கிரிப்டுக்கு எவ்வளவு என்று பிரித்தே இருக்கும். தட்டிய விசைக்குத் திரையில் பதில் வர எத்தனை மில்லிநொடி என்பதும் அதில் பதிவாகிறது. காத்திருப்பின் முழுக் கணக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அந்த எண்கள் சர்வர் குழுவின் அறையைத் தாண்டி ஒருநாளும் அப்ரைசல் அறைக்குப் போவதில்லை. அப்ரைசல் அறைக்குப் போவது வேறு எண்: விசைப்பலகை எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தது என்பது. 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை அசைவைப் போலியாக உண்டாக்கியதாகச் சொல்லிப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது. அந்த ஏமாற்றை நான் நியாயப்படுத்தவில்லை. ஆள் சும்மா இருந்த நிமிடத்தை இத்தனை நுணுக்கமாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஆளைச் சும்மா உட்கார வைத்த நிமிடத்தை எண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது. எண்ண வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

2024 ஜூலை 19 இந்த வழக்குக்கு ஒரு சோதனை நாளாக அமைந்தது. க்ரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. ஏறாத கணினிக்குள் எந்த ரிமோட் டெஸ்க்டாப்பும் நுழைய முடியாது. பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அந்த நாளில் தாமதத்துக்கு யாரும் சப்போர்ட் ஆளைக் குற்றம் சொல்லவில்லை. காரணம் ஊரறிந்ததாக இருந்தது, அளவும் ஊரறிந்ததாக இருந்தது. அளவு தெரிந்தால் பழி சரியான முகவரிக்குப் போகும் என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

என் தீர்ப்பு இது. ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளை விடுவிக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வளர்ந்த நல்ல தொழில்நுட்பம் அது. கூடிய தாமதம் அதன் இயல்பிலிருந்து வரவில்லை. ஊழியர்களில் சிலர் செய்யும் தவறுகள், லாக்-ஆஃப் செய்யாமல் போவது, பாஸ்வேர்டை எழுதி வைப்பது, உண்மைதான். அவற்றைப் பயிற்சியால் திருத்தலாம், அவை இந்த அளவு நெருக்கடிக்குக் காரணமாக முடியாது. பொறுப்பு முழுவதும் இந்த ஏற்பாட்டை வாங்கி அமைத்தவர்கள் மேலும், அதன் செலவை ஊழியரின் நேரத்தில் ஏற்றிய ஒப்பந்தத்தின் மேலும் விழுகிறது. குறிப்பாக ஒப்பந்தத்தின் மேல். சர்வர் குழு காசு இருந்தால் திருத்திவிடும். காத்திருப்புக்கு விலை இல்லாதவரை அந்தக் காசு வராது.

விலை வைக்கும் வழி கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சர்வீஸ்நவ் போன்ற டிக்கெட் அமைப்புகளில் 'ஆன் ஹோல்டு' என்ற நிலை உண்டு. பயனரின் பதிலுக்காகக் காத்திருந்தால், வெண்டர் பதில் சொல்லவில்லை என்றால், டிக்கெட்டை அந்த நிலையில் வைக்கலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்போது எஸ்.எல்.ஏ. கடிகாரம், அதாவது ஒப்பந்தக் கெடுவின் கடிகாரம், நின்றுவிடும். க்ளையன்ட்டின் ஆள் போன் எடுக்காவிட்டால் நிற்கும் கடிகாரம், க்ளையன்ட்டின் சர்வர் திரை தராவிட்டால் மட்டும் ஏன் ஓட வேண்டும்? 'அணுகல் தாமதம்' என்று ஒரு காரணத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு அட்மினுக்கு ஒரு மதிய நேரம் போதும். இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற ஆட்சேபம் எழலாம். ஊழியரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்; டைரக்டர் பலகையின் எண்ணை டிக்கெட்டோடு இணைத்து, குறித்த அளவைத் தாண்டினால் தானாக நிற்கும்படி செய்யலாம். உள்ளே நுழையப் போன நேரத்தை ஆன்-கால் ஓவர்டைமில் அதே எண்ணை வைத்துச் சேர்க்கலாம். கே.ஐ.டி.யு. போன்ற சங்கங்கள் மணிநேர வரம்புக்குப் போராடுவதோடு இந்தப் பதிவுகளை ஊழியர் பார்க்கும் உரிமையையும் கேட்க வேண்டும். க்ளையன்ட் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார் என்று விற்பனைப் பிரிவு சொல்லும். வெண்டர் தாமதத்துக்குக் கடிகாரத்தை நிறுத்த ஒப்புக்கொண்டவர்களும் அதே க்ளையன்ட்கள்தான். அன்று யாரோ ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு வாங்கினார்.